ஒருவர் கண்ணும் பலர் கண்ணும்: சிங்கப்பூர்த் தமிழ்ப் புனைவில் நோக்குநிலை

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், வெளிநாட்டு ஊழியர்களைத் தங்குவிடுதிக்கு ஏற்றிச்செல்லும் தனியார் பேருந்தின் அடியில் சிக்கி, தமிழ்நாட்டைச் சேர்ந்த கட்டுமான ஊழியர் ஒருவர் இறந்தார். தொடர்ந்து மூண்ட கலவரத்தில் ஏறத்தாழ 300 பேர் ஈடுபட்டனர். காவல்துறை வாகனங்கள் கவிழ்க்கப்பட்டன. அவசர மருத்துவ வாகனம் எரிந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரம் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கவில்லை. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014 ஜூன் மாதம் அறிக்கை அளித்தது. கலவரத்துக்கு அது சொன்ன காரணங்களில் ஒன்று, விபத்தையும் அதன்பின் நடந்த மீட்புப் பணியையும் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டது என்பது.

கதை எழுதுபவர் எவரும் இந்தக் காரணத்தைக் கடந்து போய்விட முடியாது. நின்ற இடத்திலிருந்து தெரிந்தது ஒன்று, நடந்தது வேறு. பேருந்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் பொறுப்பில் இருந்த பெண்மீதும் ஓட்டுநர்மீதும் கூட்டத்தின் கோபம் திரும்பியது. மீட்புப் பணியினர் அந்த இருவரையும் காப்பாற்றி வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. கூட்டத்தில் இருந்தவர்களுக்கோ, அடிபட்டவனை விட்டுவிட்டு அடித்தவர்களைக் காப்பாற்றுகிறார்கள் என்று தோன்றியிருக்கக்கூடும்.

இந்த இரவைப் படர்க்கையில் கதையாக்க உட்காருபவர் முதல் வரிக்கு முன்பே ஒரு முடிவெடுத்தாக வேண்டும். கூட்டத்தில் நின்ற ஓர் ஊழியரின் கண்ணையும் மனத்தையும் விட்டு நகராமல் கடைசிவரை சொல்வதா? அவரிடமிருந்து அந்தப் பெண்ணிடமும், அங்கிருந்து முதலில் வந்துசேர்ந்த காவலரிடமும் மாறிமாறிப் போவதா? முதல் வழியில் வாசகரும் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகப் புரிந்துகொள்வார். அந்தக் கோபம் அவருக்கும் நியாயமாகவே படும். இரண்டாம் வழியில் கோபத்தின் சூடு குறையும், ஆனால் அது யார்மேல் விழுந்தது என்பது தெரியும்.

பயிலரங்குகளில் இதை வெறும் உத்தியாகப் பேசிவிட்டுப் போகிறோம். எனக்கு அது போதவில்லை. ஒற்றை நோக்குநிலைக்குப் பலம் தருவது அந்தப் பாத்திரத்துக்குத் தெரியாத விஷயங்கள்தாம். அந்தத் தெரியாமை கதைக்கு வேலை செய்யும்வரை ஒருவர் கண்ணைவிட்டு நகரக்கூடாது. அதுவே இன்னொருவருக்கு அநீதியாக மாறும் இடத்தில் நகர்ந்தே ஆக வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். அதைத் தமிழில் செய்வது எவ்வளவு நுட்பமான வேலை என்பதைக் காட்டத்தான் மற்றதெல்லாம்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. செய்யுளுக்குரிய உறுப்புகள் என்று தொல்காப்பியச் செய்யுளியல் அடுக்கும் 34இல் ‘கூற்று’ ஒன்று, ‘கேட்போர்’ இன்னொன்று. அகப்பாடலில் தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள், வழியில் கண்டோர் பேசுவார்கள். புலவர் தம் குரலில் பேசுவதில்லை. ஒரு பாட்டுக்கு ஒரு வாய்தான். தலைவிக்குத் தெரியாததைத் தலைவியின் பாட்டு சொல்லாது. அதனால்தான் ஒவ்வொரு பாட்டின் கீழும் அது யார் கூற்று, யாரிடம் சொன்னது என்று குறித்துவைத்தார்கள். கபிலர் குறிஞ்சியில் தலைவியாகவும் தோழியாகவும் மாறிமாறிப் பேசினாலும் ஒரே பாட்டுக்குள் இருவராக இருக்கவில்லை. இந்த ஒழுங்கு நவீனச் சிறுகதையின் ஒழுங்குக்கு வியப்பூட்டும் அளவுக்கு நெருக்கமானது.

நாவல் வந்தபோது இந்த ஒழுங்கு தளர்ந்தது. 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னில் கதைசொல்லி எல்லாம் அறிந்தவர். வாசகரைக் கைப்பிடித்துக் கடம்பூர் மாளிகைக்கும் ஈழத்துக்கும் அழைத்துப் போவார், தேவைப்பட்டால் நடுவில் நிறுத்தி விளக்கம் சொல்வார். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. முற்றறிந்த கதைசொல்லி வேறு, மாறும் நோக்குநிலை வேறு. கல்கியிடம் பாத்திரங்களுக்கு மேலே ஒரு குரல் இருக்கிறது. எல்லார் மனமும் அந்தக் குரலுக்குத் திறந்திருக்கும். மாறும் நோக்குநிலையில் அப்படி மேலே யாரும் இல்லை. எந்தக் கணத்திலும் ஒருவருக்குத் தெரிந்தது மட்டுமே வாசகருக்குத் தெரியும். அந்த ஒருவர் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறுகிறார். ஒரே பத்தியில் மாமியார் மனத்துக்கும் மருமகள் மனத்துக்கும் தாவும் கதையைக் கேள்வி கேட்டால், ‘கல்கி செய்யவில்லையா’ என்று பதில் வரும். கல்கி செய்தார், அதற்கென ஒரு குரலைக் கட்டியெழுப்பிவிட்டுச் செய்தார். அந்தக் குரல் இல்லாமல் தாவினால் வாசகருக்குக் காலடி தரை நழுவும்.

மேற்கில் இந்தச் சர்ச்சை நன்கு பதிவானது. 1903இல் வெளிவந்த ‘தி அம்பாசடர்ஸ்’ நாவலை ஸ்ட்ரெதர் என்ற ஒருவரின் உணர்வுக்குள்ளேயே நிறுத்திக் காட்டினார் ஹென்றி ஜேம்ஸ். 1921இல் பெர்சி லப்பக் அதையே ஏறக்குறைய சட்டமாக்கினார். 1961இல் வெய்ன் பூத் அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார். நம் விமர்சனத்தில் அந்தச் சட்டம்தான் முதலில் வந்துசேர்ந்தது, தளர்வு பின்னால் வந்தது.

சிங்கப்பூரின் தமிழ்ப் புனைவு வேறொரு வாசலால் உள்ளே வந்தது. சி. கு. மகதூம் சாயபு 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ வார இதழில் 1888இல் ‘வினோத சம்பாஷணை’ வந்தது. இதைச் சிங்கப்பூரின் முதல் தமிழ்ச் சிறுகதையாக எடுத்துக்காட்டியவர் எழுத்தாளரும் ஆய்வாளருமான நா. கோவிந்தசாமி. அது சிறுகதைதானா என்ற விவாதத்துக்குள் போக இங்கே தேவையில்லை. அதன் வடிவம் உரையாடல் என்பதே என் அக்கறை. உரையாடலில் யார் மனத்துக்குள்ளும் நாம் போவதில்லை. பேச்சைக் கேட்டு நாமே மனத்தை ஊகிக்கிறோம். 1915இல் வ. வே. சு. ஐயர் ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதியபோது ஒரு மரத்தைப் பேசவைத்தார். நடக்க முடியாத மரத்துக்குத் தன் நிழலில் நடந்ததும் காதில் விழுந்ததும்தான் தெரியும். நோக்குநிலைக்கு எல்லை வேண்டும் என்பதை அவர் எவ்வளவு திருத்தமாக உணர்ந்திருந்தார் என்பதற்கு அந்த மரமே சாட்சி.

சிங்கப்பூரின் உரையாடல் மரபு பின்னர் வானொலிக்குள் புகுந்தது. புதுமைப்பித்தன்மீது கொண்ட பற்றால் ‘புதுமைதாசன்’ என்ற பெயரில் எழுதிய பி. கிருஷ்ணனின் ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு வாழ்க்கையைக் குரல்களால் மட்டுமே கட்டியது. வானொலி நாடகத்தில் ஒவ்வொருவரும் தம் வாயாலேயே நிற்கிறார்கள். கதைசொல்லியின் தயவு யாருக்கும் வேண்டாம். இந்த நகரத்தின் கதைகளில் பேச்சு வலுவாகவும் மனத்துள் நுழைவு தயங்கியும் இருப்பதற்கு இந்த இரண்டு ஊற்றுகளுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

மூன்றாவது காரணம் இடம். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ முதல் இன்றைய போட்டிகள்வரை இங்கே எழுத்தாளர்களுக்குக் கிடைத்த களம் பெரும்பாலும் சிறுகதைக்கானது. பத்திரிகைப் பக்கத்துக்கு அடங்கும் கதைக்கு இரண்டு மனங்களைத் திறந்து மூட இடமில்லை. ஆகவே ஒற்றை நோக்குநிலை இங்கே வழக்கமாகிவிட்டது. நாவல் எழுதப் போகும்போதும் அந்த வழக்கம் கூடவே போகிறது.

ஒற்றை நோக்குநிலையால் பெரிய உலகத்தைக் கட்ட முடியாது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் நூலாக வந்தது. மேடானும் பினாங்கும், ஜப்பானியர் காலமும், இந்திய தேசிய ராணுவமும், செட்டியார் கடைகளும், கடலும் அதில் இருக்கின்றன. இத்தனையையும் ஏறத்தாழ முழுக்கப் பாண்டியன் ஒருவனை வைத்தே சொல்கிறார். எப்படி முடிந்தது? பாண்டியன் காது கொடுப்பவன். மது மேசையைச் சுற்றி நண்பர்கள் பேசும்போது நாவல் அவன் மனத்தைவிட்டு வெளியேறாமலே பத்துப் பேரின் குரலை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நடுநடுவே மதுரைத் தெருக்களும் சின்னமங்கலமும் அவன் நினைவில் குறுக்கிடுகின்றன. தேர்ந்தெடுக்கும் ஒருவர் எத்தகையவர் என்பதைப் பொறுத்தது இது. காதில்லாத பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நாவல் எழுதினால் முந்நூறு பக்கமும் ஒரே அறைக்குள் முடியும்.

இனி மொழிக்கு வருகிறேன். பேச வேண்டியது அதிகம் இருப்பது இங்கேதான். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடுகள் நோக்குநிலையைப் பற்றி எவ்வளவோ சொல்கின்றன. தமிழ் எழுத்தாளருக்கு ஒவ்வொரு வரியிலும் எதிர்ப்படும் ஒரு சிக்கலை அவை தொடுவதே இல்லை. ஒரு சிறிய காட்சியை எடுத்துக்கொள்வோம். தோ பாயோவில் நான்காம் மாடி வீடு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தந்தை தேக்கா சந்தையிலிருந்து திரும்புகிறார். வீட்டில் மகள் மலர். மகளின் பக்கம் நின்று எழுதினால் இப்படி வரலாம்:

அப்பா வந்தார். கையில் ஈரப் பை. மூச்சு வாங்குவதை மறைக்கவோ என்னவோ, வாசலிலேயே நின்று செருப்பைக் கழற்றுவதில் நேரம் கடத்தினார்.

தந்தையின் பக்கம் நின்றால்:

வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டியிருந்தது. நல்லதாய்ப் போயிற்று, மூச்சு அடங்கட்டும். உள்ளே மலர் யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். இறால் பையைப் பார்த்தால் திட்டுவாள். கொலஸ்ட்ராலாம்.

முதல் வடிவத்தில் ‘வந்தார்’ என்ற வினை நம்மை வீட்டுக்குள் நிறுத்திவிட்டது. ‘போனார்’ என்று எழுதியிருந்தால் நாம் மின்தூக்கிப் பக்கம் நின்றிருப்போம். வா, போ என்ற இரண்டு வினைகளே தமிழில் யார் கண் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகின்றன. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) தலைப்பிலேயே இந்த வேலை நடந்துவிடுகிறது: ‘அம்மா’ என்றதும் மகன் அப்புவின் கண், ‘வந்தாள்’ என்றதும் அவன் இருக்கும் இடம். நாவல் பெரும்பாலும் அந்தக் கண்ணோடுதான் நகர்கிறது; அலங்காரத்தம்மாள் நமக்கு இன்றுவரை தீராமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

அடுத்து, முதல் வடிவத்தில் இருக்கும் ‘மறைக்கவோ என்னவோ’. மகளுக்கு அப்பாவின் மூச்சு தெரியும், நோக்கம் தெரியாது, ஊகிக்கிறாள். அந்த ‘-வோ என்னவோ’வை எடுத்துவிட்டு ‘மூச்சு வாங்குவதை மறைக்க’ என்று மட்டும் எழுதினால் கதை சத்தமில்லாமல் அப்பாவின் மனத்துக்குள் நுழைந்துவிடும். கைப்பிரதிகளில் நோக்குநிலை உடைவது பெரும்பாலும் இப்படி ஒரு ‘போல’, ஒரு ‘போலும்’ விடுபடும் இடத்தில்தான். பிறருக்குப் பசித்ததை ‘பசித்திருக்க வேண்டும்’ என்றும், தனக்குப் பசித்ததை ‘பசித்தது’ என்றும் சொல்லும் வழக்கம் நம் பேச்சிலேயே இருக்கிறது. அதை எழுத்தில் ஏன் தவறவிடுகிறோம் என்று எனக்குப் புரிவதில்லை.

எல்லாவற்றையும்விடக் கடினமானது மரியாதை. மகளின் பார்வையில் அப்பா ‘அவர்’. தந்தையின் மனத்துக்குள் நுழைந்த பிறகு அவரை என்னவென்று சொல்வது? எவரும் தம்மைத் தாமே ‘அவர்’ என்று நினைத்துக்கொள்வதில்லை. ‘அவர் நினைத்தார்’ என்று தொடர்ந்து எழுதினால் நாம் இன்னும் மகளின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறோம். ‘அவன் நினைத்தான்’ என்று எழுதினால், இரண்டு பக்கம் முன்புவரை அப்பாவாக இருந்தவர் திடீரென்று மரியாதை இழந்து நிற்பதுபோல் வாசகருக்கு உறுத்தும். ஆங்கிலத்தில் கல்லூரி மாணவனுக்கும் கிழவருக்கும் ஒரே சுட்டுதான். நமக்கு நோக்குநிலையை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒருவரின் சமூகத் தட்டையும் மாற்ற வேண்டியிருக்கிறது. வீட்டு வேலை செய்பவரை ‘அவள்’ என்றும் முதலாளியம்மாவை ‘அவர்’ என்றும் கதைசொல்லியே எழுதிக்கொண்டு போனால், அது நடுநிலைச் சொல்லல் ஆகாது. அது முதலாளியம்மாவின் நோக்குநிலை, எழுதியவருக்கே தெரியாமல்.

நல்ல எழுத்தாளர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். எழுவாயைத் தமிழ் விட்டுவிட அனுமதிக்கிறது. அது முதல் உதவி. இரண்டாவது, அனுபவத்தைச் சொல்லும் நம் வினைகளில் பல ‘-அது’ என்று முடிகின்றன: கால் வலித்தது, மூச்சு வாங்கியது, பயமாயிருந்தது, புரிந்தது. இவற்றில் அவனும் இல்லை அவரும் இல்லை. மேலே தந்தையின் பக்கம் எழுதிய ஐந்து வாக்கியங்களைத் திரும்பப் பாருங்கள். அவரைக் குறிக்கும் மரியாதை விகுதி ஒன்றுகூட இல்லை. மூன்றாவது ‘தான்’. ‘தான் வாங்கிய இறால்’ என்று வந்ததும் யார் மனத்தில் இருக்கிறோம் என்பது தெளிந்துவிடும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, மாறும் நோக்குநிலையை ஆங்கிலத்தைவிடத் தமிழில் மென்மையாகவே செய்ய முடியும்.

தமிழ்நாட்டு நாவல்களில் இரண்டு வழிகளுக்கும் உச்சங்கள் இருக்கின்றன. பூமணியின் ‘வெக்கை’ (1982) சிதம்பரம் என்ற பதினைந்து வயதுப் பையனைவிட்டு நகர்வதில்லை. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு அப்பாவோடு காட்டில் மறைந்து திரிகிறான். கதைசொல்லியும் அந்தத் தந்தையை ‘அய்யா’ என்றே சொல்கிறார். அய்யாவின் பழைய காலம் பையனுக்குத் துண்டுதுண்டாகத்தான் தெரியும், நமக்கும் அப்படியே. அந்த இருட்டுதான் நாவலின் வெக்கை. 2019இல் வெற்றிமாறன் இதை ‘அசுரன்’ ஆக்கியபோது மையம் மகனிடமிருந்து தந்தைக்குப் போனது. தந்தையின் கடந்தகாலம் முழுதாகத் திறந்தது. வலுவான படம், ஆனால் அது வேறொரு கதை. ஒரே சம்பவத்துக்குக் கண்ணை மாற்றினால் பொருளே மாறிவிடும் என்பதற்கு இதைவிடக் கைக்கெட்டிய சான்று வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்தில் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010). குழந்தையில்லாத காளியும் பொன்னாவும். திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாளில், பிள்ளை வேண்டி வேற்றாடவரோடு சேரக் கணவன் சம்மதித்துவிட்டான் என்று பொன்னா நம்புகிறாள், காளி சம்மதிக்கவில்லை. இதைக் காளியின் கண்ணில் மட்டும் எழுதியிருந்தால் பொன்னா துரோகி. பொன்னாவின் கண்ணில் மட்டும் எழுதியிருந்தால் காளி ஒரு மறைவான மனிதன். இருவர் மனத்தையும் நாம் அறிந்திருப்பதால்தான் முடிவில் யார்மேலும் கோபப்பட முடியாமல் தவிக்கிறோம். ஒருவரின் தெரியாமை மற்றவருக்கு அநீதியாகும் இடத்தில் நோக்குநிலை மாற வேண்டும் என்று நான் சொன்னதற்கு இதுவே சரியான எடுத்துக்காட்டு. இந்த நாவலுக்கு எதிராக எழுந்த எதிர்ப்பில் 2015 ஜனவரியில் அவர் எழுத்தையே நிறுத்துவதாக அறிவித்தார். 2016 ஜூலை 5இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1857இல் பாரிசில் ‘மதாம் பொவாரி’க்காக ஃப்ளோபேர் நீதிமன்றம் ஏறியபோதும் சிக்கல் இதுதான்: பாத்திரத்தின் நினைப்பு எது, ஆசிரியரின் கூற்று எது என்று பிரித்துப் படிக்க மறுத்தார்கள். நோக்குநிலை இலக்கிய வகுப்புக்குள் அடங்கிய விஷயமல்ல.

அசோகமித்திரன் ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் செய்தது இன்னும் துணிச்சலானது. திரைப்பட உலகம் பற்றிய அந்த நாவலில் ஒவ்வொரு பகுதியும் ஒருவரிடம் போகிறது. ஒருவரும் மையம் இல்லை. தொடக்கத்தில் நாம் பின்தொடர்ந்த தயாரிப்பு நிர்வாகி நடராஜன், பிறகு மற்றவர்கள் பேச்சில் வந்துபோகும் ஆளாகிவிடுகிறார். அந்தத் தொழில் மனிதர்களை எப்படி உதிர்க்கிறதோ அப்படியே நாவலும் உதிர்க்கிறது. சுந்தர ராமசாமியின் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ (1998) கோட்டயத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு எஸ்.ஆர்.எஸ்., லட்சுமி, சிறுவன் பாலு என்று மாறிமாறிச் செல்கிறது. அந்தச் சிறுவனுக்கு மலையாய்த் தெரியும் அப்பா, தம் சொந்தப் பகுதியில் தவிக்கும் மனிதர் ஆகிறார்.

இப்போது சிங்கப்பூருக்குத் திரும்புவோம். இங்கே மாறும் நோக்குநிலைக்கு வேறெங்கும் இல்லாத தேவை ஒன்று இருக்கிறது. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி வீவகவின் ஒவ்வொரு புளோக்கிலும் இனவாரியாக வீடுகளுக்கு வரம்பு உண்டு. ஆகவே ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாசலுக்கு எதிரே சீன வீடும் மலாய் வீடும் இருப்பது கதைக்காக அமைத்த தற்செயல் அல்ல, அன்றாடம். வீட்டுக்குள் இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ பிலிப்பீன்சிலிருந்தோ வந்த பணிப்பெண் இருக்கலாம். ஒரே நடைவழியில் நான்கைந்து மொழிகளில் மனிதர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவர்களில் தமிழர் மனத்துக்குள் மட்டுமே நம் கதைகள் போகின்றன. மற்றவர்கள் வாசலில் நின்று ஒரு வாக்கியம் பேசிவிட்டுப் போகிறார்கள்.

இதற்கு ஒரு நேர்மையான காரணம் சொல்லலாம்: தெரியாத மனத்துக்குள் பொய்யாக நுழைவதைவிட வெளியே நிற்பது மேல். உண்மைதான். ஒற்றை நோக்குநிலையில் அந்தத் தெரியாமையையே எழுதலாம். பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி மகனோடு ஹொக்கியனில் சண்டை போடுவது தமிழ்ப் பெண்ணுக்குச் சத்தமாக மட்டும் கேட்கட்டும். பொருளை ஆசிரியர் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டாம். சுவருக்கு அப்பால் ஏதோ உடைந்தது என்பது தெரிந்தால் போதும். இந்தக் கட்டுப்பாட்டைக் காக்கும் கதை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

ஆனால் அந்த மூதாட்டியின் மனத்துக்குள் போக ஓர் எழுத்தாளர் தீர்மானித்தால், அங்கே மொழி மாறியே ஆக வேண்டும். அவர் தமிழரிடம் பேசும்போது நாலு தமிழ்ச் சொல்லும் மலாய்ச் சொல்லும் கலந்து உடைந்த பேச்சில் பேசுவார். தமக்குள் நினைக்கும்போது அவர் உடைந்த மொழியில் நினைப்பதில்லை. ஆகவே அவருடைய நோக்குநிலைப் பகுதி முழுமையான, செறிவான தமிழில் இருக்க வேண்டும். எதிர்வீட்டுத் தமிழர் பேசும் தமிழ்தான் அங்கே அவருக்குப் புரிந்த அளவுக்கு உடைந்து வர வேண்டும். பணிப்பெண்ணுக்கும் இதே கணக்கு. சாப்பாட்டு மேசையில் நடக்கும் சண்டையை முழுக்கப் பார்த்துப் பாதி புரிந்துகொள்ளும் ஒருவரைவிட நல்ல சாட்சி நாவலுக்கு எங்கே கிடைக்கும்? அவர் காதில் ‘சும்மா இரு’ என்ற சொல் எத்தனை முறை விழுகிறது, யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதை வைத்தே அந்தக் குடும்பத்தை அளந்துவிடுவார்.

ஆங்கிலத்தில் எழுதும் சிங்கப்பூர் எழுத்தாளர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஜெரமி தியாங்கின் ‘ஸ்டேட் ஆஃப் எமர்ஜென்சி’ (2017) ஆறு பகுதிகள் கொண்டது, ஒவ்வொன்றும் ஒருவருடையது. கணவரின் பகுதியில் குடும்பத்தை விட்டுப்போனவளாகத் தெரியும் சியூ லி, தன் பகுதியில் காட்டுக்குள் போராளியாக நம் முன் நிற்கிறாள். ரேவதி என்ற பத்திரிகையாளர் 1948இன் பத்தாங் காலிப் படுகொலையைத் துருவுகிறார். பகுதிக்குள் தாவல் இல்லை. பகுதிகளுக்கு இடையில்தான் தாவல். ஆங்கிலத்தில் எழுதும் ஒருவர் சீனப் பெண்ணின் மனத்துக்குள்ளும் இந்தியப் பெண்ணின் மனத்துக்குள்ளும் போக உழைத்திருக்கிறார். தமிழில் அந்த உழைப்பை நாம் இன்னும் போதிய அளவு செய்யவில்லை என்பது என் முடிவு.

மா. இளங்கண்ணனும் இராம. கண்ணபிரானும் கோவிந்தசாமியும் இங்கே புனைவுக்கு அடித்தளம் போட்டுக் கொடுத்தவர்கள். 2015இல் சிங்கப்பூரின் ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கிய நூல்கள் சுமார் 350 மின்வடிவாக்கப்பட்டு தேசிய நூலகத்தின்வழி அனைவருக்கும் கிடைக்கின்றன. விரும்பும் எவரும் எடுத்து, நோக்குநிலை எங்கே நிலைக்கிறது, எங்கே நழுவுகிறது என்று பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். கல்லூரி ஆய்வுகள் கருப்பொருளோடு நின்றுவிடாமல் இந்தப் பக்கமும் வர வேண்டும்.

எழுதுபவர்களுக்கு என் பரிந்துரை இது. சிறுகதைக்கு ஒருவர் கண் போதும்; அதை மாற்றச் சொல்லித் தூண்டும் ஆசை வரும்போது, கதை நாவலாக வேண்டுமோ என்று யோசியுங்கள். நாவலில் மாற்றுவதானால் அத்தியாயத்தின் எல்லையில் மாற்றுங்கள். யாரிடம் போகிறீர்களோ அவருக்குத் தெரிந்த ஏதாவது ஒன்று முந்தைய ஆளின் கதையைத் திருத்துவதாக இருக்கட்டும். திருத்தாவிட்டால் அந்த மாற்றம் தேவையில்லை. கைப்பிரதி முடிந்ததும் வந்தான்–போனான், அவர்–அவன், ‘போல’ என்ற மூன்றை மட்டும் சிவப்பு மையால் குறித்துக்கொண்டு ஒருமுறை படியுங்கள். யாருக்கு மரியாதை கொடுத்திருக்கிறீர்கள், யாருக்குக் கொடுக்கவில்லை, அது பாத்திரத்தின் முடிவா உங்கள் முடிவா என்பது அதில் தெரிந்துவிடும். பிறகு, ஒரு தமிழ் வீட்டுச் சமையலறையில் நின்றபடி அந்த வீட்டைப் பார்க்கும் இந்தோனேசியப் பெண்ணின் அத்தியாயத்தை, நல்ல முழுத் தமிழில், யாராவது எழுதுங்கள்.